பழைய மஸ்கடைன் திராட்சையை ருசியாலும் மணத்தாலும் அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பழைய வீடுகளின் கொல்லையில் ஒரு மஸ்கடைன் பந்தல் இருப்பது வழக்கம். நட்டவர் இருக்கமாட்டார், பெயர்ச்சீட்டும் இருக்காது. வெண்கல நிறப் பழம் என்றால் அக்கம்பக்கத்தார் ஸ்கப்பர்நாங் என்பார்கள். கறுப்பு என்றால் வெறுமனே மஸ்கடைன் என்பார்கள். அது உண்மையில் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கானது இந்தப் பக்கம்.

ருசியை மட்டும் வைத்து ரகத்தின் பெயரைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. 'இது அதுவல்ல' என்று சொல்ல ருசி நன்றாக உதவும். 'இதுதான் அது' என்று சொல்ல அது போதாது. ஒரே கொடியின் பழமே மழைக்கு முன் ஒரு மாதிரியும் மழைக்குப் பின் வேறு மாதிரியும் இருக்கும். ஆகவே ருசியையும் மணத்தையும் கொண்டு பத்துப் பன்னிரண்டு ரகங்களை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பூ, காம்புத் தழும்பு (பழம் காம்பிலிருந்து பிரிந்த இடம்), பழுக்கும் காலம், கொடியின் வயது ஆகியவற்றிடம் விட்டுவிடுங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ரகத்தின் பெயரைச் சொல்பவர் பெரும்பாலும் பழத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

முதலில், இது மஸ்கடைன்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பற்றுக்கம்பியைப் பாருங்கள். மஸ்கடைனில் அது கிளைக்காமல் ஒற்றையாக இருக்கும். மற்றத் திராட்சைகளில் நுனி இரண்டாகப் பிரியும். இளந்தண்டின் பட்டை நார்நாராக உரியாமல் ஒட்டியிருக்கும், அதன்மேல் சிறு புள்ளிகள் தெரியும். தண்டை நீளவாக்கில் பிளந்தால் கணுவிலும் நடுச்சோறு தடையின்றித் தொடரும். மற்றத் திராட்சைகளில் கணுவுக்குக் கணு ஒரு தடுப்பு இருக்கும். பழம் சிறு கொத்தாகக் காய்த்து, கனிந்ததும் ஒவ்வொன்றாக உதிரும்.

தாவரவியலிலும் இது தனிக் கிளை. மஸ்கடைனுக்கு 40 குரோமோசோம்கள், ஒயின் திராட்சைக்கும் கான்கார்டு என்ற அமெரிக்கக் கறுப்புத் திராட்சைக்கும் 38. கொல்லையில் கறுப்புப் பழம் பெரிய கொத்தாகத் தொங்கி, கொத்தோடு வெட்டி எடுக்க வேண்டியிருந்தால் அது அநேகமாக கான்கார்டு வகை. இந்தப் பக்கத்தில் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

'மஸ்கடைன் மணம்' என்பது என்ன?

மஸ்கடைன் சாற்றை ஆராய்ந்தவர்கள் முக்கியமாகக் குறிப்பிடும் சேர்மங்கள் இரண்டு. ஒன்று ஃபியூரனியால், காய்ச்சிய சர்க்கரை, பஞ்சு மிட்டாய் வாசனை தருவது. மற்றது ஆர்த்தோ அமினோ அசிட்டோஃபீனோன். கனத்த, சற்றே விலங்கு வாடை கலந்த கஸ்தூரி மணம். இவற்றோடு ரோஜா வாசனை தரும் ஃபீனைல் எத்தனாலும் சேர்கிறது. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதுதான் ரகத்துக்கு ரகம் மாறுவது. மிட்டாய்ப் பக்கம் சாயும் பழம், பூப் பக்கம் சாயும் பழம், கஸ்தூரி தூக்கலான பழம் என்று மூன்றாகப் பிரித்து எழுதப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை அறிந்தவர்கள் அந்த மணத்தை இதில் தேட வேண்டாம். பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க். அதன் மணம் லினலூல் போன்ற டெர்பீன்கள் என்னும் மணச் சேர்மங்களால் வருவது. பெங்களூர் புளூ திராட்சையில் லாப்ரஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனத்தின் கலப்பு உண்டு. அந்த இனத்தின் தனி வாடைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம் முக்கியக் காரணம். மஸ்கடைன் இந்த இரண்டோடும் சேராது. இருந்தாலும் பெங்களூர் புளூவின் கனத்த வாடைக்குப் பழகிய மூக்குக்கு மஸ்கடைனின் கஸ்தூரி மணம் சீக்கிரம் பிடிபடும்.

வெண்கல நிறப் பழமெல்லாம் ஸ்கப்பர்நாங்தானா?

இல்லை. அதிகம் குழப்பம் வருவது இங்கேதான்.

ஸ்கப்பர்நாங் என்பது ஒரு குறிப்பிட்ட ரகம். வட கரோலைனாவின் டிரெல் கவுண்டியில், ஸ்கப்பர்நாங் ஆற்றை ஒட்டிய பகுதியில், 18-ஆம் நூற்றாண்டில் காட்டிலிருந்து கண்டெடுத்துப் பதியன் போட்டுப் பரப்பியது. முதலில் அதைப் 'பெரிய வெள்ளைத் திராட்சை' என்றே அழைத்தார்கள். ஆற்றின் பெயர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டது. 1835-இல் ஹாலிஃபாக்ஸ் கவுண்டியில் தொடங்கிய மெடாக் திராட்சைத் தோட்டம், பிறகு பால் கேரட் விற்ற 'வர்ஜீனியா டேர்' ஒயின் என்று புகழ் பரவப் பரவ, வெண்கல நிறப் பழம் அனைத்துக்கும் அந்தப் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. 2001-இல் வட கரோலைனா தன் மாநிலப் பழமாக அறிவித்ததும் ஸ்கப்பர்நாங்கைத்தான்.

ஆனால் இன்று கொல்லைகளில் இருக்கும் வெண்கலக் கொடிகளில் பல, 20-ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்டவை. வாயில் வேறுபாடு இப்படித் தெரியும்:

ஸ்கப்பர்நாங்: நடுத்தர அளவு, பச்சை கலந்த வெண்கலம், தோலில் பழுப்புப் புள்ளிகள். சாறு மிகுதி. முதலில் தேனும் கனிந்த பேரிக்காயும் போன்ற மணம், பின்னால் கஸ்தூரி. இனிப்போடு புளிப்பும் தெளிவாக நிற்கும். ஒரே கொத்தில் பச்சையும் கனிந்ததும் கலந்திருக்கும். கனிந்தது தொட்டாலே உதிரும்.

கார்லோஸ் (வட கரோலைனா, 1970): அளவிலும் நிறத்திலும் ஸ்கப்பர்நாங்கோடு எளிதில் குழம்பிவிடும். ஒயினுக்காகத் தேர்ந்தெடுத்தது என்பதால் புளிப்புக்கு முதுகெலும்பு உண்டு, மணமும் பலம். பறிக்கும்போது காம்புத் தழும்பு பெரும்பாலும் உலர்ந்திருக்கும், ஒரே சீராகப் பழுக்கும்.

மேக்னோலியா (வட கரோலைனா, 1960-களின் தொடக்கம்): மென்மையான சதை, புளிப்பு குறைவு, நல்ல இனிப்பு. பறித்தால் காம்படியில் தோல் கிழிந்து சாறு கசியும்.

ஹிக்கின்ஸ் (ஜார்ஜியா, 1955): பெரிய பழம், வெண்கலத்தில் இளஞ்சிவப்புச் சாயல். மணம் அடங்கியது, கஸ்தூரி பிடிக்காதவர்கள் விரும்புவது. இதை ஸ்கப்பர்நாங் என்று நம்பிச் சாப்பிடுபவர், 'அந்தக் காலத்து ருசி இப்போது இல்லை' என்று பருவநிலையைக் குறைசொல்வார்.

ஃப்ரை (ஜார்ஜியா, 1970): மிகப் பெரிய பழம், அதிக இனிப்பு, கடிபடும் சதை. அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

கறுப்பு ரகங்களில் எவை பழையவை? எப்படிப் பிரிப்பது?

தாமஸ், மிஷ், ஜேம்ஸ், ஃபிளவர்ஸ் ஆகிய நான்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோட்டங்களில் இருந்தவை. நான்கும் காட்டில் கண்டெடுத்தவை.

தாமஸ் 1845 வாக்கில் தென் கரோலைனாவில் கிடைத்தது. சிறியது முதல் நடுத்தரம் வரை, சிவப்பு கலந்த கறுப்பு. சதை மிக மென்மை. விதையிலிருந்து எளிதில் விலகும். இனிப்பு முன்னால் வரும், புளிப்பு பின்தங்கும். பழைய கறுப்பு ரகங்களில் சாப்பிடுவதற்கு நம் தேர்வு இதுதான்.

மிஷ் 1846 வாக்கில் வட கரோலைனாவின் பியூஃபோர்ட் கவுண்டியில் கிடைத்தது. கருஞ்சிவப்புத் தோலில் நெருக்கமான புள்ளிகள். தோல் மஸ்கடைனுக்கு மெல்லியது, சாறு அதிகம். தோலோடு மென்று விழுங்க முடிகிறது என்றால் மிஷ்ஷை முதலில் சந்தேகியுங்கள்.

ஜேம்ஸ் பிட் கவுண்டியிலிருந்து வந்தது. பெரியது, நீலங்கலந்த கறுப்பு. கனிந்த பிறகும் கொடியில் நீண்ட நாள் நிற்கும். ஃபிளவர்ஸ் இவற்றில் கடைசியாகப் பழுப்பது. மற்றக் கொடிகள் ஓய்ந்த பின் அக்டோபரில் கறுப்புப் பழம் கொடியைவிடாமல் பற்றிக்கொண்டிருந்தால், ருசி பார்க்கும் முன்பே இந்தப் பெயரைக் குறித்து வையுங்கள்.

இவற்றோடு குழம்பக்கூடிய பிற்கால ரகங்களில் நோபிள் முக்கியமானது: 1970-களின் தொடக்கத்தில் வந்தது, சிறிய பழம், ஆழ்ந்த நிறச் சாறு. சாற்றுக்கும் சிவப்பு ஒயினுக்கும் நட்டது. பழம் சிறியது என்பதால் 'காட்டுக் கொடி' என்றும் தவறாகச் சொல்வார்கள். ஜார்ஜியாவின் ஹன்ட் 1919-இல் வந்ததால் அதையும் இப்போது பாரம்பரிய வரிசையில் சேர்க்கலாம். கொத்து முழுதும் ஒருசேரப் பழுப்பது அதன் அடையாளம்.

ருசி பார்க்கப் பழத்தை எப்போது, எப்படிப் பறிக்க வேண்டும்?

கட்டைவிரலால் லேசாகத் தள்ளியதும் கையில் விழுவதை மட்டும் எடுங்கள். இழுத்துப் பறித்தது பழுக்காதது. பறித்த பிறகு மஸ்கடைன் இனிக்காது. தரையில் கிடப்பதை எடுக்க வேண்டாம், அதில் நொதிப்பு தொடங்கியிருக்கும்.

பந்தலின் நான்கு பக்கமும், வெயில் படும் இடத்திலும் நிழலிலும் சேர்த்து 40 பழம் பறியுங்கள். 20 பழம் அளவிட, 20 பழம் ருசிக்க. பலத்த மழைக்குப் பின் மூன்று நான்கு நாள் காத்திருங்கள். பறித்த அன்றே ருசிப்பது நல்லது. குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வரட்டும். சில்லென்ற பழத்தில் மணம் மூக்குக்கு எழும்பாது, புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.

ருசி பார்க்கும் முறை என்ன?

தோல், சாறு, சதை மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக வாயில் போட்டு மென்றால் கடைசியில் தோலின் துவர்ப்பு மட்டுமே நினைவில் நிற்கும்.

முதலில் பழத்தை உள்ளங்கையில் அரை நிமிடம் வைத்து, காம்புத் தழும்பின் அருகே முகர்ந்து பாருங்கள். பிறகு தழும்பு இருக்கும் பக்கத்தை வாயில் வைத்து, தோலில் ஒரு கடி கடித்து அழுத்துங்கள். முதலில் சாறு வரும், அடுத்து சதை வழுக்கிக்கொண்டு வரும். சாற்றை நாக்கில் வைத்தபடி மூக்கைப் பொத்துங்கள். இப்போது தெரிவது இனிப்பும் புளிப்பும் மட்டுமே, அந்த அளவை எழுதுங்கள். விழுங்கிவிட்டு மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். தொண்டை வழியாக ஏறி வரும் மணம்தான் ரகத்தின் மணம். மிட்டாயா, பூவா, கஸ்தூரியா, எது முதலில், எது கடைசியில், எத்தனை நொடி நிற்கிறது என்று குறியுங்கள்.

அடுத்து சதை: கரைகிறதா, வழவழப்பாக நிற்கிறதா, மெல்ல வேண்டியிருக்கிறதா? விதை எளிதில் விலகுகிறதா? கடைசியாகத் தோலை மட்டும் பத்து முறை மென்று துப்புங்கள். மணத்தின் பெரும்பங்கு தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் இருக்கிறது. தோலைத் தவிர்த்தால் பாதிச் சேதி போய்விடும்.

ஒரு பழத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வாய் வெறும் தண்ணீர், ஒரு துண்டு உப்பில்லாத பிஸ்கட், இரண்டு நிமிட இடைவெளி. ஒரே அமர்வில் நான்கு கொடிகளுக்கு மேல் வேண்டாம். தோலை மென்றுகொண்டே போனால் உதடும் நாக்கும் அரிக்கத் தொடங்கும், பிறகு எல்லாப் பழமும் துவர்க்கும். காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

என் பழம் கசக்கிறது. இது ரகத்தின் குணமா?

அநேகமாக இல்லை. துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. துவர்ப்பு தோலிலும் விதையிலும் இயல்பாக உண்டு; விதையைக் கடித்துவிட்டாலும் கூடும். சாறே கசந்தால் கசப்பு அழுகல் நோயைச் சந்தேகியுங்கள்: கிரீனீரியா யுவிகோலா என்ற பூஞ்சையால் வருவது. தோலில் பழுப்புத் திட்டு, அதில் வளையங்களாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் ருசி கெடும். நகப் பாலிஷ் போன்ற நெடி வந்தால் பழம் எங்கோ வெடித்து நொதித்திருக்கிறது. இரண்டு வகையையும் ஒதுக்கிவிட்டு வேறு பழம் எடுங்கள். குறிப்பில் 'கசப்பான ரகம்' என்று எழுதிவிடாதீர்கள்.

சர்க்கரை அளவை அளந்தால் ரகம் தெரியுமா?

தெரியாது, ஆனால் ருசிக் குறிப்பு நம்பத்தக்கதா என்று தெரியும். 20 பழத்தின் சாற்றைச் சேர்த்துப் பிழிந்து வடிகட்டி, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விடுங்கள். மஸ்கடைன் பெரும்பாலும் 14 முதல் 18 பிரிக்ஸ் (சர்க்கரை அளவின் அலகு) வரை வரும். 12-க்குக் கீழே காட்டினால் பழம் கனியவில்லை, அல்லது கொடி தாங்கமுடியாத அளவு காய்த்திருக்கிறது. அன்றைய குறிப்பைத் தள்ளிவிடுங்கள். இரண்டு கொடிகளை ஒப்பிடும்போது பிரிக்ஸ் வித்தியாசம் ஒன்றுக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது ரகத்தை அல்ல, பழுப்பை.

வேண்டுமானால் புளிப்பையும் அளக்கலாம். 10 மில்லி சாற்றில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் மீட்டர் 8.2 காட்டும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.75-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் டார்டாரிக் அமிலம் என்று வரும்.

பூவைப் பார்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

பழைய பெயர்கள் எல்லாம் பெண் பூக் கொடிகள். ஸ்கப்பர்நாங், தாமஸ், மிஷ், ஜேம்ஸ், ஃபிளவர்ஸ், ஹன்ட் எதுவும் தன் மகரந்தத்தால் காய்க்காது. அருகில் ஆண் கொடியோ இருபால் பூக் கொடியோ வேண்டும். தானே காய்க்கும் ரகங்கள் வட கரோலைனாவின் வில்லர்டில் நடந்த கலப்பினப் பணியிலிருந்து 1940-களில்தான் பெயரோடு வெளிவந்தன. கார்லோஸ், மேக்னோலியா, நோபிள் மூன்றும் இருபால் பூ.

மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, பூ விரிந்த அன்று 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். நடுவில் சூலகமும் இருந்து மகரந்தத்தாள்கள் நிமிர்ந்து நின்றால் இருபால் பூ. நடுவில் சூலகம் இருக்க, தாள்கள் பின்புறமாக வளைந்து தொங்கினால் பெண் பூ. சூலகமே சரியாக இல்லையென்றால் ஆண் கொடி, அது காய்க்கப் போவதில்லை. இந்த ஐந்து நிமிட வேலை ஒரு மாத ருசி ஆராய்ச்சியை மிச்சப்படுத்தும்: நாக்கு ஸ்கப்பர்நாங் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பூ இருபாலாக இருந்தால் அது ஸ்கப்பர்நாங் அல்ல.

ஹிக்கின்ஸும் ஃப்ரையும் பெண் பூ என்பதால் இந்தச் சோதனை அவற்றை விலக்காது. அங்கே பழத்தின் அளவும் மணமும் பேசட்டும்.

காம்புத் தழும்பை எப்படிக் கணக்கிடுவது?

50 பழம் பறித்துத் தாளில் தழும்பு கீழே இருக்குமாறு வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எத்தனை பழம் ஈரம் விட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். மேக்னோலியாவையும் கார்லோஸையும் பிரிக்க இந்த எண்ணிக்கை உதவும். காலையில் பனியோடு பறித்தால் கணக்கு தவறும்.

உறுதியான மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

உங்கள் கொடியின் பழமும், பெயர் உறுதியான ஒரு கொடியின் பழமும் வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே பகுதியில் பறித்ததாக இருக்கட்டும். புளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகம், ஜார்ஜியா பல்கலைக்கழகம், வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை மஸ்கடைனில் நீண்ட காலம் பணி செய்பவை. பெயர் உறுதியான கொடி எங்கே கிடைக்கும் என்று கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகம் மூலம் விசாரிக்கலாம். சாலையோரக் கடையில் 'ஸ்கப்பர்நாங்' என்று எழுதி விற்பது மாதிரியாகாது.

மூன்று கிண்ணம் வையுங்கள்: இரண்டில் ஒரு கொடியின் பழம், ஒன்றில் மற்றது. கண்ணைக் கட்டிக்கொண்டவர் எது தனித்தது என்று சொல்ல வேண்டும். கிண்ணங்களின் வரிசையையும், எந்தக் கொடியின் பழம் இரண்டில் வருகிறது என்பதையும் மாற்றி மாற்றி 9 முறை. குருட்டடியில் மூன்று சரியாக வரும். 6 அல்லது அதற்கு மேல் சரியானால் வேறுபாடு உண்மையானது. 12 முறை என்றால் 8 வேண்டும். அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒன்று என்று நிரூபணமாகாது. உங்கள் நாக்கு பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே பந்தலில் இரண்டு ருசி வருகிறதே?

இரண்டு கொடிகள் இருக்கலாம். உதிர்ந்த பழத்தின் விதை அடியிலேயே முளைத்துத் தாய்க்கொடியோடு பின்னி ஏறிவிடும். பறிக்கும் கிளையிலிருந்து அடிமரம் வரை கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். கிளைக்கு நிறநாடா கட்டிவிட்டுத்தான் ருசிக்க உட்கார வேண்டும். அடிமரத்தின் பருமனைப் பார்த்து எது மூத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல மண்ணில் இளங்கொடியும் வேகமாகப் பருக்கும்.

விதையிலிருந்து வந்த கொடிக்குத் தாயின் பெயரைச் சொல்லலாமா?

கூடாது. ஸ்கப்பர்நாங் விதைக்குத் தகப்பன் எப்போதும் வேறொரு கொடி. நாற்றுகளில் கணிசமானவை ஆணாகவே போய்விடும். காய்ப்பவற்றிலும் நிறமே மாறலாம், வெண்கல நிறம் ஒடுங்கு பண்பு (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளித்தெரிவது) என்பதால். பழைய தலைமுறை போத்து நட்டும் இதைப் பரப்பவில்லை. முற்றிய குச்சி எளிதில் வேர்விடாது. கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டுத்தான் அண்டை வீட்டுக்குக் கொடுத்தார்கள். 'பதியன் வாங்கி வந்தது' என்ற குடும்பச் சேதிக்கு ஆகவே மதிப்பு உண்டு.

ஜாமிலோ ஒயினிலோ ருசித்து ரகம் சொல்லலாமா?

வேண்டாம். கொதித்தால் பூ மணம் பறந்து காய்ச்சிய சர்க்கரை வாசனை மேலோங்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் தன் பங்குக்கு ஃபீனைல் எத்தனால் சேர்க்கும். கறுப்பு ரக ஒயின் வைக்க வைக்கப் பழுப்பாகும் என்பதால் நிறமும் உதவாது.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

ஒப்பிட உறுதியான மாதிரி இருந்தால்தான் அந்தச் சோதனைக்குப் பெயர் சொல்லத் தெரியும். இளம் இலையைத்தான் கேட்பார்கள். அனுப்புமுன் அந்த ஆய்வகம் மஸ்கடைனை ஏற்கிறதா, அதன் பட்டியலில் எந்தெந்த ரகங்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். காட்டிலிருந்து கொல்லைக்கு வந்து பெயரே பெறாத கொடி எந்தப் பட்டியலிலும் இருக்காது.

எல்லாம் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

கவுண்டியின் பெயர், நிறம், பூ வகை மூன்றையும் சேர்த்து ஒரு தற்காலிகப் பெயர் வைத்துச் சீட்டுக் கட்டுங்கள்: 'பிட், கறுப்பு, பெண்' என்பதுபோல. நினைவிலிருக்கும் பழைய பெயரை ஊகத்தில் ஒட்டினால் அடுத்தவர் அதை உண்மையென்று நம்பிப் பதியன் கொடுத்துவிடுவார். பழுக்கத் தொடங்கிய நாள், 50 பழத்தின் எடை, ஈரத் தழும்பு எண்ணிக்கை, பிரிக்ஸ், மணக் குறிப்பு ஆகியவற்றை மூன்று பருவம் ஒரே தாளில் எழுதுங்கள். கொடி மூப்படைந்திருந்தால் அதுவரை காத்திராமல் இந்தக் கோடையிலேயே பதியன் போடுங்கள்: நெகிழ்வான ஒரு கிளையை வளைத்து, நடுப்பகுதியை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, நுனியை வெளியே விட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். வேர்விட்டதும் குளிர்காலத்தில் தாயிலிருந்து வெட்டி எடுத்து நடலாம்.